எந்த வெளிச்சத்துக்கு எந்த லென்ஸ்? ட்ராப் சுடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் துப்பாக்கியைவிடக் கண்ணாடியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். துப்பாக்கிக்கு கிளப் இருக்கிறது, கோச் இருக்கிறார். கண்ணாடி மட்டும் சொந்தக் காசு, சொந்தக் கண். புதுக்கோட்டைக்காரரான பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டபின் நம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் இந்த விளையாட்டை எட்டிப்பார்க்கிறார்கள், கேள்விகளும் கூடிவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ட்ராப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் தரைக்குக் கீழே இருக்கும் இயந்திரங்களில் இருந்து, 110 மி.மீ. விட்டமும் 105 கிராம் எடையும் உள்ள தட்டு ஒன்று மணிக்கு 100 கி.மீ. வேகத்துக்கு மேல் விலகிப் பறக்கும். அதைக் கண்டுபிடித்துச் சுட ஒரு நொடிகூட இருக்காது. லென்ஸ் பற்றிய பேச்செல்லாம் அந்த ஒரு நொடிக்காகத்தான்.

சாதாரண கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டுச் சுட்டா என்னண்ணே?

வெயில் மறையும், கண் தப்பாது. உடைந்த தட்டின் சில்லு எதிர்க்காற்றில் திரும்பி வரும். பக்கத்து ஸ்டேஷனில் (சுடுவதற்கு நிற்கும் இடம்) இருப்பவர் துப்பாக்கியைத் திறந்ததும் காலித் தோட்டா தெறிக்கும். கடைத்தெருக் கண்ணாடியின் லென்ஸ் உடைந்தால் அந்தத் துண்டுகளே கண்ணுக்குள் போகும். விலை உயர்ந்த கூலிங் கிளாஸ்களிலும் சிலவற்றில் இருப்பது நிஜக் கண்ணாடி லென்ஸ்தான், அதனால் விலையை நம்ப வேண்டாம்.

லென்ஸின் ஓரத்திலோ காதுக்கம்பியிலோ பொறித்திருக்கும் குறியைப் பாருங்கள். அமெரிக்கத் தரம் என்றால் 'இசட் 87+' என்று இருக்கும். கால் அங்குல எஃகுக் குண்டை நொடிக்கு 150 அடி வேகத்தில் அடித்துச் சோதித்தது என்று அர்த்தம். ஐரோப்பியத் தரம் என்றால் 'இஎன் 166' என்ற எண்ணும் கூடவே 'எஃப்' என்ற எழுத்தும். அங்கே 6 மி.மீ. குண்டு, நொடிக்கு 45 மீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே சோதனைதான். லென்ஸ், அடி தாங்கும் பிளாஸ்டிக்குகளான பாலிகார்பனேட்டாகவோ ட்ரைவெக்ஸாகவோ இருக்கும். குறி இல்லையென்றால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உயரமும் ஒரு விஷயம். துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னத்தைப் பதித்ததும் தலை லேசாகக் குனியும். அப்போது நாம் பார்ப்பது லென்ஸின் மேல்பாதி வழியாக. கூலிங் கிளாஸின் மேல் ஃபிரேம் சரியாகத் தட்டு கிளம்பும் இடத்தில் ஒரு கறுப்புக் கம்பியாக நிற்கும். சுடும் கண்ணாடிகள் புருவத்துக்கு மேலே ஏறி உட்காருவது இதனால்தான்.

லென்ஸ்ல 40%, 65%னு போட்டிருக்கே, அது எவ்வளவு கருப்புங்கிற கணக்கா?

தலைகீழ். அது உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவு. 65% என்றால் மெல்லிய நிறம், 15% என்றால் நல்ல கறுப்பு. சில பெட்டிகளில் சதவீதத்துக்குப் பதிலாக 0 முதல் 4 வரை வகை எண் இருக்கும்: 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல் விடும், 1 என்றால் 43 முதல் 80, 2 என்றால் 18 முதல் 43, 3 என்றால் 8 முதல் 18, 4 என்றால் 3 முதல் 8. கூலிங் கிளாஸ்களில் பெரும்பாலானவை 3. ட்ராப்புக்கு நமக்கு வேண்டியவை பெரும்பாலும் 0, 1, 2. நான்காம் வகையைப் போட்டு வண்டியே ஓட்டக்கூடாது என்பார்கள், தட்டைத் தேடவே வேண்டாம்.

நம்ம ஊர் வெயிலுக்கு ரொம்ப கருப்பாத்தானே வேணும்?

இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். விதி ஒன்றே ஒன்று: கண்ணைச் சுருக்காமல் இருக்க முடிகிற அளவுக்கு மட்டும் கறுப்பு, அதற்கு மேல் ஒரு துளிகூட வேண்டாம். கீழே வரும் பதில்கள் பாதிக்கு மேல் இந்த விதியின் கிளைகள்தான்.

காரணம் கண்மணி. வெளிச்சம் நிறைய வந்தால் கண்மணி சுருங்கும். சுருங்கினால் அருகிலும் தூரத்திலும் ஒரே நேரத்தில் ஓரளவு தெளிவு கிடைக்கும், கண்ணின் சின்னச் சின்னப் பிழைகளும் மறையும். லென்ஸைக் கறுப்பாக்கினால் கண்மணி விரியும், தட்டின் விளிம்பு மழுங்கும். மங்கலான காட்சியை மூளை கையாளவும் சற்று நேரம் பிடிக்கும். ஒரு நொடிக்குள் முடிகிற வேலையில் அந்தச் 'சற்று' பெரிது. மறுபக்கம், வெளிச்சம் கூடிக் கண்ணைச் சுருக்க ஆரம்பித்தால் முகத்தசை இறுகும், கன்னம் கட்டையில் சரியாக உட்காராது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் லென்ஸ்தான் உங்கள் லென்ஸ்.

அப்ப கலர் எதுக்கு? சும்மா சாம்பல்லயே நாலு அளவு வாங்கிட்டா போதாதா?

நியாயமான கேள்வி. சிலர் அப்படித்தான் சுடுகிறார்கள், நன்றாகவே சுடுகிறார்கள். சாம்பல் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் குறைக்கும். உலகம் அப்படியே இருக்கும், மங்கலாக மட்டும். நிற லென்ஸ் ஒரு பக்கம் சாயும்: சில நிறங்களை விடும், சிலவற்றைப் பிடித்துவைக்கும். தட்டின் நிறத்தை விட்டு, பின்னணியின் நிறத்தைப் பிடித்துவைக்கும் லென்ஸ் கிடைத்தால் தட்டு தனியாகத் துள்ளித் தெரியும்.

ஆகவே லென்ஸ் வாங்கும்முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: தட்டு என்ன நிறம், பின்னால் என்ன இருக்கிறது, வெளிச்சம் எவ்வளவு. வெளிச்சம் சதவீதத்தைச் சொல்லும். தட்டும் பின்னணியும் நிறத்தைச் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "வெயிலுக்கு எந்தக் கலர்?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வருகிறது.

தட்டு ஆரஞ்சு, அதனால ஆரஞ்சு லென்ஸ். சரியா?

பாதி சரி. ஆரஞ்சு லென்ஸ் நீலத்தை ஏறக்குறைய முழுதாகவும் பச்சையைப் பெருமளவிலும் தடுத்து, ஆரஞ்சையும் சிவப்பையும் விடும். பின்னால் சீமைக்கருவேலம் அடர்ந்து நின்றால் அந்தப் பச்சை கறுத்துப்போகும், ஆரஞ்சுத் தட்டு பளிச்சென்று எழும். பின்னால் நல்ல நீல வானம் என்றாலும் இதேதான்: நீலம் இருட்டும், தட்டு மிஞ்சும்.

பின்னால் வெள்ளை மேகமோ, கோடையில் வெளுத்துப்போன வானமோ இருந்தால் கதை மாறும். வெள்ளையில் எல்லா நிறமும் இருக்கிறது, ஆரஞ்சும் இருக்கிறது. ஆரஞ்சு லென்ஸ் வழியே வெள்ளை மேகமும் ஆரஞ்சாகத்தான் தெரியும். தட்டும் ஆரஞ்சு, மேகமும் ஆரஞ்சு. காசு கொடுத்துத் தட்டை ஒளித்துவைத்த மாதிரி. மழைக்காலத்தில் ஒருவருக்கு அற்புதமாக இருந்த லென்ஸ் மே மாதத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஊதா லென்ஸ் போட்டவங்களைப் பார்த்தேன். ஸ்டைலுக்கா?

இல்லை. ஊதா, பச்சையை மட்டும் குறிவைத்துத் தடுக்கிறது. நீலத்தையும் சிவப்பையும் ஓரளவு விடுகிறது. அதனால் மரங்கள் கறுக்கும், வானம் அவ்வளவாக நிறம் மாறாது. அடர்ந்த பச்சைக்கு முன்னால் ஆரஞ்சுத் தட்டு, நடுத்தர வெயில் என்றால் ஊதாவுக்கு ஈடில்லை என்பது என் கட்சி. செந்தூர நிற லென்ஸ்கள் ஆரஞ்சுக்கும் ஊதாவுக்கும் நடுவில் நிற்பவை. பின்னணி பாதி மரம், பாதி வானம் என்றிருக்கும் நம் ரேஞ்சுகளுக்கு ஓரளவு எல்லா நாளும் ஒத்துவரும்.

ஒரு எச்சரிக்கை: தட்டு மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் ஊதா தட்டையும் சேர்த்து இருட்டடிக்கும். வெளியூர்ப் போட்டிக்குப் போகுமுன் தட்டு என்ன நிறம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் போட்டா உலகமே பளிச்சுனு ஆகுதே, எப்பவும் அதையே போட்டா என்ன?

அந்தப் பளிச் பாதி மனப்பிரமை. மஞ்சள் லென்ஸ் வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. எந்த லென்ஸாலும் முடியாது. அது நீலத்தை எடுத்துவிடுகிறது. பனிமூட்டமும் தூசியும் சிதறடிக்கும் வெளிச்சத்தில் நீலம்தான் தூக்கலாக இருக்கும். நம் கண்ணும் நீலத்தை மற்ற நிறங்களோடு ஒரே இடத்தில் குவிப்பதில்லை, விழித்திரைக்கு முன்னாலேயே குவித்துவிடும். நீலம் போனால் புகைமூட்டம் விலகி விளிம்புகள் கூராகும். அதைத்தான் 'வெளிச்சம் கூடியது' என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

எனவே மஞ்சளின் இடம் மேகமூட்டம், பனிக்காலை, லேசான மப்பு. நல்ல வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் விடும் மஞ்சளைப் போட்டால் மூன்றாவது ஸ்டேஷனுக்குப் போவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும்.

எங்க ரேஞ்ச்ல பின்னாடி மரமே இல்ல, வெறும் வானம்தான். என்ன செய்ய?

அப்போது நிறத்தைப் பற்றிய கவலை பாதி குறைந்தது. வானத்துக்கு எதிரே தட்டின் நம் பக்கத்து முகம் பெரும்பாலும் நிழலில் இருக்கும். ஆரஞ்சுத் தட்டும் கருநிழலாகவே பறக்கும். நிழலுக்கும் வானத்துக்கும் உள்ள வித்தியாசமே போதும். உங்களுக்கு வேண்டியது கண்கூச்சத்தை அடக்கும் சாம்பலோ பழுப்போ. நான் பழுப்பின் பக்கம். அது நீலத்தைக் கொஞ்சம் குறைப்பதால் தட்டின் விளிம்பு சாம்பலில் தெரிவதைவிடச் சற்றுக் கெட்டியாகத் தெரியும்.

காலையில முதல் ஸ்குவாட் (சேர்ந்து சுடும் குழு). சூரியன் நேரா மூஞ்சில அடிக்குது. ரேஞ்சையே தப்பா கட்டிட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. வடகோளத்தில் ஷாட்கன் (ட்ராப் சுடும் துப்பாக்கி) ரேஞ்சை வடக்கிலிருந்து வடகிழக்குக்குள் பார்த்துக் கட்டுவதுதான் சர்வதேச வழக்கம், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று. ஐரோப்பாவுக்கு அது அப்படியே பொருந்தும். நமக்கு ஒரு சிக்கல் உண்டு. புதுக்கோட்டை இருப்பது பத்தரை டிகிரி அட்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன்கூட நம் தலைக்குச் சற்றே வடக்கேதான் போகும். ஜூனில் சூரியன் உதிப்பது நேர் கிழக்கில் அல்ல, அதற்கு 23, 24 டிகிரி வடக்கே தள்ளி. வடகிழக்கு பார்த்த ரேஞ்சில் ஏழு மணி ஸ்குவாடுக்கு வலப்பக்கத் தட்டு சூரியனை ஒட்டியே பறக்கும்.

இதற்கு லென்ஸைக் கறுப்பாக்குவது தீர்வல்ல. சூரியனை அடக்கும் அளவு கறுப்பு இடப்பக்கத் தட்டைக் காணாமல் செய்துவிடும். தொப்பி விளிம்பை இறக்குங்கள், ஓரத் தடுப்பு வைத்துக்கொள்ளுங்கள் (அளவுக்கு விதி உண்டு, போட்டிக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்), லென்ஸ் 30 முதல் 40 சதவீதத்தில் பழுப்பாக இருக்கட்டும். அப்புறம் கீறல். சூரியன் முன்னால் இருக்கும்போது லென்ஸில் உள்ள ஒவ்வொரு கீறலும் ஒரு விளக்காக எரியும். காலை ஸ்குவாடுக்கு உங்களிடம் உள்ளதிலேயே புது லென்ஸைப் போடுங்கள்.

சரி, சூரியன் பின்னாடி இருந்தா பிரச்சினையே இல்லையே?

வேறொரு பிரச்சினை உண்டு. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் லென்ஸின் உட்பக்கத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். கன்னமும் சட்டைக் காலரும் லென்ஸில் பேயாகத் தெரியும். கறுத்த லென்ஸில் இது இன்னும் மோசம், ஏனென்றால் முன்னாலிருந்து வரும் வெளிச்சம் குறைவு. உட்பக்கம் எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு உள்ள லென்ஸ் வாங்குங்கள். முகத்தோடு வளைந்து ஒட்டும் ஃபிரேமும் உதவும். வெளிப்பக்கத்துக் கண்ணாடிப் பளபளப்பு போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அக்னி நட்சத்திரத்துல பன்னெண்டு மணிக்கு?

முடிந்தால் அந்த ஸ்குவாடைத் தவிர்த்துவிடுங்கள். முடியாதென்றால் 18 முதல் 25 சதவீதப் பழுப்போ சாம்பலோ. செம்மண்ணிலிருந்தும் சிமென்ட் தளத்திலிருந்தும் கீழ்நோக்கி அல்ல, மேல்நோக்கி அடிக்கும் வெளிச்சம்தான் அந்த நேரத்தில் ஆளைக் கொல்லும், தொப்பி அதைத் தடுக்காது. லென்ஸின் கீழ் விளிம்புக்கும் கன்னத்துக்கும் இடைவெளி குறைவாக இருக்கட்டும். ஸ்டேஷனுக்கு மேல் கூரை உள்ள ரேஞ்ச் என்றால் ஒரு படி வெளிறிய லென்ஸ் போதும். உங்கள் கண் நிழலில் இருக்கிறது, தட்டு மட்டும்தான் வெயிலில்.

ஐப்பசி, கார்த்திகையில மேகம் வந்து வந்து போகுதே, அதுக்கு?

மேகத்துக்கு ஏற்ற லென்ஸைப் போடுங்கள், வெயிலுக்கு ஏற்றதை அல்ல. வெயில் எட்டிப்பார்த்தால் தொப்பியும் சுருங்கும் கண்மணியும் பார்த்துக்கொள்ளும். இருட்டினால் கறுத்த லென்ஸுக்குள் செய்வதற்கு ஒன்றுமில்லை. 60 முதல் 70 சதவீத இளஞ்சிவப்போ வெளிர் ஆரஞ்சோ இந்தப் பருவத்துக்கு நன்றாக இருக்கும். முழு மப்பு என்றால் மஞ்சள். தூறல் விழுந்தால் நிறத்தை மறந்துவிட்டு நீர் ஒட்டாத பூச்சு உள்ளதை எடுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தட்டே தெரியல. மஞ்சள் போட்டா தெரியுமா?

தெரியாது. மஞ்சளும் வெளிச்சத்தைக் குறைக்கிற லென்ஸ்தான் என்று மேலே சொன்னது இங்கே முழுதாகப் பொருந்தும். இரவில் வண்டி ஓட்ட மஞ்சள் கண்ணாடி நல்லது என்று விற்கிறார்களே, 2019-ல் அமெரிக்காவில் ஓட்டுநர் சிமுலேட்டரில் வைத்துச் சோதித்தபோது அது உதவியதாகத் தெரியவில்லை. வெளிச்சம் போகிற நேரத்தில் நிறமில்லாத தெளிவான லென்ஸ் மட்டும்தான்.

அந்தியில் இன்னொன்றும் நடக்கிறது. பகலில் நம் கண்ணுக்கு மஞ்சள் கலந்த பச்சை மிகப் பிரகாசம். இருட்ட இருட்ட அந்த உச்சம் நீலப்பச்சையை நோக்கி நகரும். சிவப்பும் ஆரஞ்சும் முதலில் கறுக்கும், இலைகள் இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சமாகத் தெரியும். பகலில் தூரத்திலிருந்தே கூப்பிட்ட ஆரஞ்சுத் தட்டு ஆறேகால் மணிக்கு மரத்துக்கு முன்னால் கரைவதற்கு இதுவே காரணம். பர்கின்ஜே விளைவு என்பார்கள். எந்த லென்ஸும் இதைத் திருப்பாது, வீட்டுக்குக் கிளம்புங்கள்.

டெல்லியில நேஷனல்ஸ். இங்க பயன்படுத்துற லென்ஸே போதுமா?

1982 ஆசிய விளையாட்டுக்காக துக்ளகாபாதில் கட்டிய கர்ணி சிங் ரேஞ்சைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். குளிர்காலத்தில் அங்கே காலை வெளிச்சம் நம் ஊர் வெளிச்சத்தோடு சேர்த்தி இல்லை: பனியும் புகையும் கலந்த பால் வெள்ளை, சூரியன் தாழ்வாக, தெற்கே. ஜூனில் இங்கே நீங்கள் போட்ட 25 சதவீதப் பழுப்பை அங்கே எடுத்தால் தட்டைத் தேட வேண்டியதுதான். மஞ்சள், வெளிர் ஆரஞ்சு, தெளிவானது மூன்றும் பெட்டியில் இருக்கட்டும். மதியம் புகை விலகினால் செந்தூரத்துக்கோ ஊதாவுக்கோ மாறலாம். குளிரில் மூச்சுபட்டு லென்ஸ் மூடும், பனி பிடிக்காத பூச்சும் அவசியம். நம் ஊரில் வியர்வைக்கும் அதே பூச்சுதான் வேலை செய்கிறது.

வெயிலுக்குத் தானா கருப்பாகுற லென்ஸ் வாங்கினா இத்தனை தலைவலி இல்லையே?

போட்டோக்ரோமிக் லென்ஸைச் சொல்கிறீர்கள். அது புற ஊதாக் கதிர் பட்டுக் கறுக்கிறது. சூடு ஏறினால் அந்தக் கறுப்பு தானே தளரும். குளிரான ஊரில் நன்றாகக் கறுக்கும் லென்ஸ், 40 டிகிரி வெயிலில், எப்போது அதிகம் தேவையோ அப்போது பாதியில் நின்றுவிடும். மேகம் வந்தால் தெளிய சில நிமிடங்கள் ஆகும், ஒரு ரவுண்டின் பாதி அதற்குள் முடிந்துவிடும். கூரைக்குக் கீழே நின்றால் புற ஊதாவே குறைவு. தினசரி உபயோகத்துக்கு நல்லது. ட்ராப்புக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

போலரைஸ்டு?

மீன்பிடிக்கிறவர்களுக்கு வரம். தண்ணீர், தார்ச்சாலை போன்ற கிடைமட்டப் பரப்புகளின் பளபளப்பை அது வெட்டும். பறக்கும் தட்டின் மேல் விழும் பளபளப்பு நமக்குத் தேவையானது, தட்டு திரும்பும் கோணத்தை அதுதான் காட்டிக்கொடுக்கிறது. ரேஞ்சுக்கு முன்னால் குளம் இருந்தால் ஒழிய வேண்டாம்.

எனக்குப் பவர் இருக்கு. என்ன வழி?

மூன்று வழி: கான்டாக்ட் லென்ஸ் போட்டு மேலே சாதாரண சுடும் கண்ணாடி; பவர் லென்ஸை உள்ளே சொருகும் ஃபிரேம்; லென்ஸிலேயே பவர் செய்து வாங்குவது. முதலாவது ஒத்துக்கொண்டால் அதுவே சுலபம், நிற லென்ஸை இஷ்டத்துக்கு மாற்றலாம். புழுதி ரேஞ்சில் சிலருக்கு உறுத்தும். சொருகும் வகையில் பரப்புகள் இரட்டிப்பாகும், பனி பிடிப்பதும் இரட்டிப்பாகும்.

லென்ஸிலேயே செய்வதானால் கண்ணாடிக் கடைக்காரரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லுங்கள்: லென்ஸின் ஒளி மையம் நேரே பார்க்கும் இடத்தில் வேண்டாம், துப்பாக்கியைத் தூக்கியபடி பார்க்கும் இடத்தில் வேண்டும், அதாவது மேலே, மூக்குப் பக்கம். பாலிகார்பனேட்டின் ஓரத்தில் நிறங்கள் பிரிந்து விளிம்புகளில் வானவில் கட்டும். பவர் கூடக்கூட அது தெரியும். ட்ரைவெக்ஸில் இந்தத் தொல்லை குறைவு. மேலிருந்து கீழே பவர் மாறிக்கொண்டே போகும் ப்ரொக்ரெசிவ் லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

எனக்குச் சிவப்பு பச்சை சரியா பிரிக்கத் தெரியாது. லென்ஸால பயன் உண்டா?

உண்டு, ஆனால் மற்றவர் சிபாரிசை நம்பாதீர்கள். ஐரோப்பிய ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இது உண்டு, நம்மிடையேயும் அபூர்வமில்லை. சிலருக்குச் சிவப்பே மங்கலாகத் தெரியும். அவர்களுக்கு ஆரஞ்சுத் தட்டு பழுப்புத் தட்டு. பச்சையைக் கறுக்கவைக்கும் ஊதாவும் செந்தூரமும் நிறத்தைத் திருப்பித் தராது, பிரகாச வித்தியாசத்தை உண்டாக்கித் தரும். அதுவே தட்டைப் பிடிக்கப் போதும். கடையில் அல்ல, ரேஞ்சில் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குறி பார்க்கிற வலது கண்ணைவிட என் இடது கண் ஓங்கி நிக்குது. அந்தப் பக்கம் மட்டும் கருப்பு லென்ஸ் போட்டு அடக்கலாமா?

கூடாது, இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மங்கலான காட்சியை மூளை தாமதமாகக் கையாளும் என்று முன்பு சொன்னேன். ஒரு கண்ணுக்குக் கறுப்பு, இன்னொன்றுக்கு வெளிச்சம் என்றால் இரண்டு கண்களும் தட்டை இரண்டு வேறு நேரங்களில் பார்க்கும். குறுக்கே நகரும் பொருள் என்றால் அந்த வித்தியாசத்தை மூளை தூரமாக எடுத்துக்கொள்ளும்: ஒரு பக்கம் போகும் தட்டு உள்ளதைவிட அருகில், மறுபக்கம் போவது உள்ளதைவிடத் தள்ளி. 1922-ல் இதை விளக்கிய கார்ல் புல்ஃப்ரிச் என்ற ஜெர்மானிய இயற்பியலாளரின் பெயரே இதற்கு. வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தன் பெயர் தாங்கிய விளைவை அவரால் பார்க்க முடியாது.

கண்ணை அடக்க வேண்டுமென்றால், துப்பாக்கியைத் தூக்கியபடி முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்து, அந்தக் கண்மணிக்கு நேரே லென்ஸில் ஒரு சின்னத் துண்டு மங்கலான டேப் ஒட்டுங்கள். நெல்லிக்காய் அகலம்கூட வேண்டாம். கோச்சை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பிஸ்டல், ரைஃபிள் சுடறவங்களுக்கும் இதே கணக்கா?

கண்மணிக் கணக்கு அவர்களுக்கு இன்னும் முக்கியம், நிறக் கணக்கு கிட்டத்தட்டத் தேவையில்லை. கை தூரத்தில் உள்ள முன்குறியும் தொலைவில் உள்ள இலக்கும் சேர்ந்து தெளிவாக வேண்டும். அதற்குச் சுருங்கிய கண்மணி வேண்டும், அதாவது வெளிறிய லென்ஸ். அவர்கள் கண்ணாடியில் வைக்கும் ஐரிஸ் துளை (சுருக்கி விரிக்கக்கூடிய சின்னத் துவாரம்) அந்த வேலையைத்தான் இன்னும் கறாராகச் செய்கிறது. 10 மீட்டர் உள்ளரங்கில் வெளிச்சம் மாறுவதே இல்லை, அங்கே நிறத்துக்குச் செலவு செய்வது வீண். 25, 50 மீட்டர் திறந்த ரேஞ்சில் வெயில் கூசினால் லேசான சாம்பலோ மஞ்சளோ போதும்.

புது லென்ஸ் போட்டதிலிருந்து தட்டு நல்லாத் தெரியுது, ஆனா அடி விழல. ஏன்?

தட்டு முன்பைவிடச் சீக்கிரம் தெரிகிறது, கை பழைய நேரத்துக்கே பழகியிருக்கிறது, அல்லது நேரெதிர். சில ரவுண்டுகளில் சரியாகிவிடும். இதனால்தான் போட்டி அன்று புது லென்ஸை அறிமுகப்படுத்தக்கூடாது, ரவுண்டின் நடுவில் மாற்றவும் கூடாது. இரண்டு லென்ஸுக்கு நடுவே தடுமாற்றம் என்றால் வெளிறியதை எடுங்கள்.

ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா எதை வாங்க?

தமிழ்நாட்டில் ஆரஞ்சுத் தட்டு சுடுகிறவர் என்றால் 40 சதவீதம் சுற்றிய செந்தூரம். பின்னணி வெறும் வானம் என்றால் அதே அளவில் பழுப்பு. இரண்டாவதற்குக் காசு சேர்ந்தால் தெளிவான லென்ஸ். விலை குறைவு, மழைக்கும் மாலைக்கும் ஆகும். மூன்றாவதாகத்தான் மஞ்சளோ ஊதாவோ. லென்ஸ் மாற்றக்கூடிய ஃபிரேமாக முதலிலேயே வாங்கிவிடுங்கள். பில்லா, ராண்டால்ஃப் ரேஞ்சர், காஸ்டெல்லானி என்று ஆசைப்பட வைக்கும் பெயர்கள் நிறைய உண்டு. ஆரம்பத்தில் 'இசட் 87+' குறி உள்ள எளிய மூன்று லென்ஸ் செட்டே தாராளம்.

வாங்கும்முன் சோதனை: ஸ்குவாட் சுடும்போது பின்னால் நின்று, இரவல் லென்ஸுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பத்துப் பத்துத் தட்டு பாருங்கள். எது அழகு என்று பார்க்காதீர்கள். தட்டு இயந்திரக் குழியை விட்டு எவ்வளவு தூரம் போனபின் அதன் விளிம்பு உங்களுக்குத் தெரிகிறது என்று மட்டும் பாருங்கள்.

கருப்பு கம்மியா இருந்தா புற ஊதாக் கதிர் கண்ணைக் கெடுக்காதா?

கறுப்புக்கும் புற ஊதாவுக்கும் சம்பந்தமில்லை. நிறமே இல்லாத பாலிகார்பனேட் புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும், அது அந்தப் பிளாஸ்டிக்கின் குணம். ஆபத்தானது புற ஊதாத் தடுப்பு இல்லாத கறுப்பு லென்ஸ்: கண்மணியை விரியவைத்துவிட்டுக் கதிரையும் உள்ளே விடும். நடைபாதைக் கூலிங் கிளாஸ் வேண்டாம் என்பதற்கு முதல் பதிலில் விட்டுப்போன இன்னொரு காரணம் இது.

லென்ஸ் ஆறு மாசத்துல மங்கிடுது. மட்டமான சரக்கா?

துண்டால் துடைக்கிறீர்கள். ரேஞ்ச் புழுதியில் மணல் இருக்கிறது; காய்ந்த லென்ஸைத் துண்டாலோ சட்டை நுனியாலோ துடைத்தால் உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பதுதான். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிடுங்கள், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தை விரலால் தடவுங்கள், மறுபடி தண்ணீர், அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். துப்பாக்கி துடைக்கும் சால்வென்ட்டும் தின்னரும் அசிட்டோனும் பாலிகார்பனேட்டுக்குப் பகை. பட்ட இடம் வெளுத்து, நுண்ணிய வெடிப்பு விழும். குழலைச் சுத்தம் செய்த கையோடு கண்ணாடியைத் தொடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் விட்டுவைத்தால் பூச்சு உரியும்.

வெடிப்போ ஆழமான கீறலோ விழுந்த லென்ஸை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், சுடுவதற்குப் போடாதீர்கள். அடி தாங்கும் என்று முதல் பதிலில் சொன்ன அந்தக் குறி, முழுசாக இருக்கும் லென்ஸுக்கு மட்டும்தான்.